மறுமுனை பிடிப்பவன்

பிப்ரவரி 3, திங்கள்

படப்பைப் பட்டறையில் இன்று அலமாரிக் கதவுகள். ஸ்ரீதர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பலகை நகராமல் அமுக்கிப் பிடிப்பதும், ஒரு பக்கம் வார்னிஷ் அடித்ததும் மறுமுனையைத் தூக்கிப் பிடிப்பதும் என் வேலை. முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பிரஸ் மெஷின் என் வலது கையில் விட்டுவைத்தது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். ஆனாலும் முழங்கையை அடியில் கொடுத்தால் கதவு நிற்கும். மனைவி காவேரியின் தம்பி என்பதால் வேலை கொடுத்தான் என்று பிள்ளைப்பாக்கத்தில் பேசுகிறார்கள். பேசட்டும். ஈரக் கதவைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டாமா?

பிப்ரவரி 8

ஸ்ரீதர் ஆன்லைனில் வாங்கிய பார்சல் வந்தது. உள்ளங்கை அகலத்தில் ரப்பர் வில்லைகள். அவற்றின் மேல் பலகையை வைத்துத் தேய்த்தால் நகராது. கூடவே கூர்நுனி வைத்த குட்டி பிளாஸ்டிக் கூம்புகள். ஈரப் பக்கத்தை அவற்றின் மேல் கவிழ்த்தாலும் ஊசிமுனை அளவுதான் தடம் விழும்.

“ரொம்ப சீப்பு மாமா,” என்றான்.

நல்ல பொருள்தான்.

பிப்ரவரி 11

கதவு கூம்புகளின் மேல் படுத்திருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

பிப்ரவரி 12

சும்மா நிற்க முடியாமல் கூட்டினேன். தூசி கிளம்பி ஈர வார்னிஷில் ஒட்டியது. “இப்ப கூட்டாதீங்க மாமா.” அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

பிப்ரவரி 15

அவன் கதவைத் திருப்பும்போது ஓடிப்போய் முனையைப் பிடித்தேன். வழுக்கிவிட்டது. மூலை தரையில் அடித்துப் பிளந்தது. வல்லக்கோட்டையில் புதுமனை புகுவிழா வீட்டுக்குப் போகவேண்டிய கதவு.

“உங்கள யாரு மாமா புடிக்கச் சொன்னாங்க? அதான் தானா நிக்குதே.”

தானா நிக்குது. சரி. நிக்கட்டும். அப்ப நான் இன்னாத்துக்கு அங்க — தினமும் பஸ் புடிச்சுப் போய் —

பிப்ரவரி 16, ஞாயிறு

சாப்பிடும்போது காவேரியிடம் கதவு பிளந்ததைச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

“அந்த ரப்பரு, கூம்பெல்லாம் அவன் பொங்கலுக்கு முன்னாடியே வாங்கறேன்னான். நான்தான் கொஞ்ச நாள் போவட்டும்டான்னு சொல்லிகினு இருந்தேன்.”

“எதுக்கு?”

குழம்பை ஊற்றினாள்.

பிப்ரவரி 17

போகவில்லை.

பிப்ரவரி 18

போகவில்லை. போனும் வரவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஸ்ரீதர் வீட்டுக்கு வந்தான். “கோச்சிக்கினீங்களா மாமா? வாங்க. சும்மா குந்திகினு இருங்க, பேச்சுத் துணைக்கு.” வருகிறேன் என்றேன். போகமாட்டேன் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. காவேரி அவனுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

மார்ச் 17, திங்கள்

காவேரி இன்று ஒரகடத்தில் ஒரு வயர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போனேன். தண்ணீர் பாட்டிலை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மூடி சரியாக இறுகாமல் அவள் பையெல்லாம் நனைந்திருந்தது. அவள் திரும்பி நின்று மூடியைத் திருகிக்கொண்டாள். நான் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.