தோப்பிலிருந்து கணவாய்க்குப் போனவன்

அக்டோபர் 1962

என் கண்ணான இவானாவுக்கு, அம்மாவின் முத்தங்கள்.

இங்கே எல்லாரும் நலம். குளிர் தொடங்கியதும் அப்பாவின் முழங்கால் வலி மட்டும் திரும்பிவிட்டது. நம் தோப்பில் செஸ்ட்நட் மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. கொட்டைகளை மாவாக அரைத்ததும் அனுப்புகிறேன். ஸ்டுட்கார்ட்டில் உனக்கு அது எங்கே கிடைக்கப்போகிறது?

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நீயும் யூர்கனும் நிற்கும் படத்தை இத்தனை நாள் அப்பாவிடம் காட்டாமல் வைத்திருந்தேன். "ஜெர்மன்காரன் எவனும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று ஈஸ்டருக்கு, யூர்கனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது, அவர் கத்தியதை நீ மறந்திருக்க மாட்டாய். சண்டை நடந்த நாற்பத்து நாலாம் வருஷ இலையுதிர் காலத்தில் அத்தீலியோ சித்தப்பாவை மில் சுவரோரம் நிறுத்தி ஜெர்மன்காரர்கள் சுட்டபோது நீ சின்னக் குழந்தை. தம்பியின் உடலை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அப்பாதான்.

நம் தோப்பில் ஒரு மரச் சிலுவை இருந்ததே, அதன் கீழே இருந்தவனும் அந்த இலையுதிர் காலத்தவன்தான். பின்வாங்கிய ஜெர்மன் படை காயத்தோடு விட்டுவிட்டுப் போன சிப்பாய். நான் தண்ணீர் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. பாதிரியாரும் நானும்தான் புதைத்தோம். அப்பா அந்தச் சிலுவையை இரண்டு முறை பிடுங்கி எறிந்தார். இரண்டு முறையும் நான் திரும்ப நட்டேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

போன வாரம் லாரியில் ஆட்கள் வந்தார்கள். கணவாய்க்கு மேலே ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் கட்டுகிறார்கள் அல்லவா? ஊர் ஊராகக் கிடப்பவர்களைத் தோண்டி எடுத்து அங்கே சேர்க்கிறார்கள். "கொண்டு போங்க, சனியன் ஒழியட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா வாசலிலேயே நின்றார். ஒருவன் கடப்பாரையை ஓங்கியதுதான் தாமதம், ஓடிவந்து பிடித்துக்கொண்டார். "டேய், பாறையா உடைக்கிற? உள்ள ஆள் இருக்கான்டா!" என்றார். பிறகு அந்த முழங்காலோடு மண்டியிட்டு, கையாலேயே மண்ணை அள்ளினார்.

எலும்பைப் பார்த்த மேஸ்திரி, "சின்னப் பையன்தாங்க, எலும்பே இன்னும் முத்தல" என்றார். அப்பா லாரி கிளம்பும்போது பின்னால் ஏறி, எலும்புகள் வைத்த பெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். "ரோடு மோசம், குலுங்கும்" என்றார், யாரும் கேட்காமலே.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினார். சூப் குடிக்கும்போது, "மேல காத்து ரொம்ப அடிக்குது, ஆர்ஜியா. ஒதுங்க ஒரு மரம்கூட இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம இவானாவோட அந்தப் பையன், அவன் அப்பா சண்டையில எங்க இருந்தாராம்?" என்று கேட்டார். நீ எழுதியதைச் சொன்னேன்: ரஷ்யாவுக்குப் போனவர் திரும்பவில்லை, எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது என்று. எழுந்து போய் வெகுநேரம் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான், அவன் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்; எடுத்துக் கொடுத்தேன்.

வரச்சொல் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். அவரை உனக்குத் தெரியாதா? நான் சொல்கிறேன், கிறிஸ்துமஸுக்கு வா. தனியாக வராதே. யூர்கனையும் அவன் தாயாரையும் கூட்டி வா. புருஷனுக்காக மெழுகுவத்தி ஏற்ற அந்த அம்மாளுக்கு ஓரிடம் வேண்டாமா? கணவாய்க்கு நானும் அவரும் சேர்ந்து போய் வருகிறோம்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் இருவரின் அம்மா,
ஆர்ஜியா