கோழியிறகுக் கிரீடமும் வெள்ளைச் சட்டையும்

நேற்றுச் சாயங்காலம் தவிட்டுக் கிடங்கின் பின்பக்கம் அவித்த உருளைக்கிழங்கு வாசனை வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேரும் வெளியே ஓடிவிட்டார்கள். அந்த வாசனை வந்தால் பாம்பு இருக்கிறதாம். நான் மட்டும் வேலியோரம் போய்ப் பார்த்தேன். பூலாஞ்செடி பூத்திருந்தது, வாசனை அதனுடையதுதான். சிரிப்பு வந்துவிட்டது. முதல் தடவை நான் அப்படி ஓடியபோது நீ கேட்டது ஞாபகம் வந்தது: "பாம்பு இன்னா மொதலாளி, உருளக்கெழங்கா துண்ணுது?"

உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நீ எதையும் படித்தவன் இல்லை, மண்ணைத் தவிர.

நம் பழக்கம் வியாபாரத்தில் தொடங்கியது. நீயும் உன் சம்சாரமும் பாம்புத்தோல் கொண்டுவருவீர்கள், நான் வாங்கிப் பட்டணத்துக்கு அனுப்புவேன். கும்மிடிப்பூண்டியில் நான் தலையெடுத்தது அந்தத் தோலால்தான், இதில் மறைக்க ஒன்றுமில்லை. எழுபதுகளில் தோலுக்குத் தடை வந்தது. நான் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் மாறிக்கொண்டேன். இருளர் குடிசைகளில் இருந்த உங்களுக்கு மாறிக்கொள்ள என்ன இருந்தது? வயல் எலி பிடித்துக் காலம் தள்ளினீர்கள்.

அப்போதுதான் காட்டோரம் விலங்குப் பூங்கா ஒன்று திறந்தார்கள். புள்ளிமான், நரி, முள்ளம்பன்றி, உடும்பு, எல்லாம் நம் பக்கத்துப் பிராணிகள். கூடவே இருளர் கலைவிழா. பாம்புக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், விழாவுக்கு வரும் பெரிய அதிகாரி பார்த்துத் திருப்தியானால் உங்கள் இருவருக்கும் நிரந்தர வேலை என்றார்கள். உங்களை அழைத்துப்போய் நிறுத்தும் ஏற்பாட்டை நான் ஏற்றுக்கொண்டேன்.

அங்கேதான் என் வியாபார மூளை வேலை செய்தது. சரக்கு நன்றாக இருந்தால் போதாது, பார்வையாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இருளர் என்றால் ஜனங்கள் என்ன எதிர்பார்ப்பார்கள்? தழைப் பாவாடை, இறகுக் கிரீடம். கறிக்கடையில் சேவல் இறகு வாங்கி, தையற்காரரிடம் கொடுத்து அட்டையில் கிரீடமாகத் தைத்து வாங்கிக்கொண்டு, ஒரு கட்டுத் தழையோடு வந்தேன்.

விழாவன்று நீயோ கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளை டெரிலின் சட்டையும் வேட்டியுமாக, தலைக்கு எண்ணெய் வைத்து, மணமகன் போல நின்றிருந்தாய். கிரீடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இது இன்னா மொதலாளி, எத்தினி கோழி செத்துது இதுக்கு?"

"வெச்சுக்கப்பா. பாக்கறவங்களுக்குப் பிடிக்கும்."

"எங்க தாத்தன் வெக்கல, எங்கப்பன் வெக்கல. உனுக்கு எடுப்பா இருக்குது, நீ வெச்சுக்கோ."

சொல்லிக்கொண்டே என் தலையில் அழுத்திவிட்டாய். உன் சம்சாரம் சிரித்துக்கொண்டே தழையை என் வேட்டிமேல் சுற்றிக் கொடியால் ஒரு முடிச்சுப் போட்டாள். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. முடிச்சு அவிழவில்லை.

அதிகாரி இறங்கி நேராக என்னிடம் வந்து மாலையைப் போட்டார். "என்னப்பா, நல்லா இருக்கியா?" என்று தோளைத் தட்டினார். பிறகு உன்னைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்கதான் ஏற்பாடு செஞ்ச வியாபாரியா? நல்ல ஆளைத்தான் கூட்டியாந்திருக்கீங்க."

நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமா சார். கொஞ்சம் பயந்தவன். ஆனா நல்லவன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பூங்கா ஆள் ஒருவன் ஒரு பானையை என் முன்னால் வைத்து மூடுதுணியை அவிழ்த்துவிட்டான். நல்ல பாம்பு. என் முழங்காலுக்கு எதிரே படமெடுத்து நின்றது. கூட்டம் கைதட்டியது, நான் அதைப் பிடிக்கப்போகிறேன் என்று! என் தலையில் இறகெல்லாம் ஆடியது.

பின்னாலிருந்து உன் குரல் மெதுவாக வந்தது. "ஓடாத. கையத் தொங்க உடு. மூச்ச மெதுவா உடு. அதுவும் உன்னிய மாதிரிதான், பயந்துகினு நிக்குது."

நின்றேன். எவ்வளவு நேரமோ. படம் தாழ்ந்தது. பாம்பு திரும்பிப் புல் பக்கம் நகர்ந்தது. "கன்னிம்மா" என்று உங்கள் தெய்வத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தாய், வாலைப் பிடித்துத் தூக்கினாய், சட்டை கசங்காமல் பையில் விட்டுக் கட்டினாய்.

அதிகாரி திகைத்துப்போனார். "அப்ப இவரு யாரு?"

"கோழி வியாபாரி சார்" என்றாள் உன் சம்சாரம்.

அந்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் கழுத்து மாலையைக் கழற்றி உனக்குப் போட்டார். அப்புறம் கூட்டத்தை அழைத்துக்கொண்டு நடந்தாய். எந்தப் பொந்தில் ஆள் இருக்கிறது, எது காலி, எந்தத் தடம் சாரை, எது உடும்பு என்று நீ மண்ணைக் காட்டிச் சொல்லச் சொல்ல, இறகைப் பார்க்க வந்த ஜனம் குனிந்து மண்ணைப் பார்த்தது. உன் சம்சாரம் வேலியில் பறித்த பச்சிலைக்கெல்லாம் பெயர் சொன்னாள்.

வேலை உங்களுக்குத்தான் என்றார் அதிகாரி. நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். நீ குறுக்கே பேசினாய்.

"வரேன் சார். ஆனா எறகு, தழயெல்லாம் வெக்க மாட்டோம். நாளிக்கி எங்க ஜனம் யாரு வந்தாலும் வெக்கச் சொல்லக்கூடாது."

கிடைத்ததைக் கெடுத்துக்கொள்கிறானே என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "காக்கிச் சட்டை தர்றோம், போதுமா?"

"பித்தள பட்டன் வெச்சதா?"

"பித்தளை பட்டன் வெச்சது."

அன்று உங்கள் பெண்கள் கன்னியம்மாவுக்குப் பாடியபோது அந்த அதிகாரியும் தாளம் தப்பித் தப்பிக் கைதட்டினார். நான் தழைப் பாவாடையோடு ஆடினேன். முடிச்சை அவிழ்க்க மாட்டேன் என்று உன் சம்சாரம் பிடிவாதமாக இருந்தாள், வேறு வழி?

கால் மணி நேரம் நான் நீயாக இருந்தேன். தோளைத் தட்டும் அந்தக் கை எப்படி இருக்கும் என்று தெரிந்தது. இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போதும் என் கடையில் லாரிக்காரன் மேசையைத் தட்டிக் கத்துவான், எடை குறைகிறது என்று யாராவது சட்டையைப் பிடிக்க வருவார்கள். நான் கையைத் தொங்கவிட்டு, மூச்சை மெதுவாக விட்டு நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே தணிந்துவிடுகிறார்கள். பெரியவருக்குக் கோபமே வராது என்று ஊரில் பேர். நன்றாக வரும். எதிரே நிற்கிறவனும் பயந்துபோய்த்தான் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.