ஏழாம் பக்கத்து எறிகணை

21 ஜனவரி 2025, செவ்வாய். முரசுமோட்டை.

கிராம அலுவலர் அனுப்பிய அறிவித்தலில் மூன்று எழுத்துப் பிழைகள். படிப்பித்த காலத்துச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

பின்னேரம் லக்சிகா ஸ்கூட்டியில் வந்தாள். என் தங்கை விமலேஸ்வரியின் மகள், முப்பத்தொரு வயது. தாய் போனபின் கலியாணம் கட்டும்வரை என்னிடம் வளர்ந்தவள். போன மாதம் அவள் மார்பிலிருந்து எடுத்த கட்டி சாதாரணமானது என்று முடிவு வந்துவிட்டது. இப்போது கொழும்பு ஆய்வுக்காரர் சிலர் வவுனியாவில் பரம்பரைப் புற்றுநோய்க்கு ஒரு கிளினிக் தொடங்கியிருக்கிறார்களாம். மூன்று தலைமுறையில் யார் எந்த வருத்தத்தில், என்ன நோயில் இறந்தார்கள் என்று படம் கீற வேண்டுமாம். படத்தில் சந்தேகம் இருந்தால் மட்டுமே இரத்தம் எடுத்துச் சோதிப்பார்களாம்.

அதற்காக அண்ணர் பரமலிங்கத்தின் கல்வெட்டைக் கேட்டாள். அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு நான் எழுதி அச்சடிப்பித்துக் கொடுத்த நினைவுப் புத்தகம். ஏழாம் பக்கத்தில் எங்கள் குடும்பம் முழுவதும் இருக்கிறது. யார், எப்போது, எதனால் என்று.

"பெரியம்மா எழுதினதில பிழை இராது எண்டு டொக்டரிட்டச் சொன்னனான்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.

23 ஜனவரி

இந்தக் கொப்பியிலாவது உண்மையை எழுதுகிறேன்.

ஏழாம் பக்கத்தில் இருப்பது: "விமலேஸ்வரி. 2009இல் மாத்தளனில் எறிகணைக்குப் பலியானார்." எழுதியது நான். பொய்.

2006 சித்திரையில் என் குசினிக்குள் வந்து சட்டையை விலக்கிக் காட்டினாள். இடது மார்பில், புளியங்கொட்டை அளவில். "அக்கா, நோகேல்லை. ஆனாப் போகுதுமில்லை." அப்போது என் மகள் ஜெகதீஸ்வரிக்குக் கனடா மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் தாய் சீதனத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "உங்கட பக்கத்தில பரம்பரை வருத்தம் ஏதும்?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று நிமிர்ந்து நின்று சொல்லியிருந்தேன். ஆகவே தங்கையிடம், "கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம். ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றேன்.

ஆனியில் கொழும்பில் கலியாணம். விமலேஸ்வரியும் வந்தாள். மணமகளின் கூறைச்சேலைக்குக் கொசுவம் பிடித்தது அவள்தான். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒரு பஸ் தூரம். போகவில்லை. யாருக்கு நேரம் இருந்தது — எனக்கு இருக்கவில்லை. வன்னிக்குத் திரும்பினோம். ஆவணியில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. பிறகு வன்னியை விட்டு வெளியே போக எழுதிக் கேட்ட பாஸ் ஒன்றும் வரவில்லை.

2009 பங்குனியில் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள், புண் நாறி, என் மடியில் போனாள். அன்றைக்கு எறிகணையும் விழுந்தது. அதில் செத்த நாலு பேரோடு ஒரே கிடங்கில் வைத்து மண் போட்டு மூடினோம். முகாமில் பதிகிறவன் "எப்பிடி?" என்றான். "ஷெல்" என்றேன். அந்த வருடம் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. பாதை பூட்டுமுன் வவுனியா விடுதியில் சேர்த்திருந்த லக்சிகாவுக்கும் அதையே சொன்னேன். தகப்பனும் இல்லாத பிள்ளை. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

என் அவருக்கும் நான் சொல்லவில்லை. தெரியாமலே 2017இல் போய்விட்டார்.

6 பெப்ரவரி

லக்சிகா கேக்கோடு வந்தாள். கிளினிக் டொக்டர் றுமானா கல்வெட்டைப் பார்த்துப் படம் கீறிவிட்டாராம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், புற்றுநோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. எங்கள் படத்தில் கறுப்பே இல்லையாம்.

"இரத்தம் எடுக்கத் தேவையில்லையாம் பெரியம்மா. வருசத்துக்கு ஒருக்காக் காட்டினாப் போதுமாம். அம்மாவை ஷெல்தானே கொண்டு போனது. பாருங்கோ, அதிலயும் ஒரு நன்மை."

கேக்கை வெட்டி என் கையில் தந்தாள். சாப்பிட்டேன். முழுவதும்.

9 பெப்ரவரி

அவள் விட்டுப்போன கிளினிக் துண்டுப்பிரசுரத்தைப் படித்தேன். மொழிபெயர்த்தவருக்கு ஒற்றெழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. மரபணுவில் ஏற்படும் "எழுத்துப் பிழை" என்று போட்டிருக்கிறார்கள். பிழை என்றால் திருத்தலாம். இதைத் திருத்த முடியாதாம். கண்டுபிடித்துக் காவல் இருக்கலாமாம், உறுப்பை முன்கூட்டியே எடுத்துவிடலாமாம். பிறகு எதற்கு அந்தச் சொல்?

உள்ளே இன்னொரு செய்தி. மார்புப் புற்றும் சூலகப் புற்றும் ஒரே பிழையால் வரலாம். சூலகம் என்கிற சினைப்பையில் வந்தால் வயிற்றில் நீர் கட்டும்.

அம்மா.

1968. நான் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அம்மாவின் வயிறு எட்டு மாதக்காரியின் வயிறுபோல் இருந்தது. வயது நாற்பத்துநாலு. ஊர் வாய்க்கு வந்தபடி கதைத்தது. அந்த வருடமே அம்மா போனதும் ஐயா நெருப்புக் காய்ச்சல் என்று சொல்லிக் கதையை முடித்துவைத்தார். அதையும் ஏழாம் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பிள்ளையின் இரத்தத்தைச் சோதிக்க இரண்டு கறுப்பு வட்டம் போதும். இரண்டையும் வெள்ளையாக வைத்திருப்பது நான்.

18 பெப்ரவரி

சொல்லிவிட்டேன். கிளிநொச்சியில் அவள் வீட்டுக் குசினியில். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பெரியம்மா, பஸ்ஸிலயோ வந்தனீங்கள்? சொல்லியிருந்தா வந்து ஏத்தியிருப்பனே. இருங்கோ."

இருந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடி சொன்னேன், குசினியில் காட்டியதிலிருந்து கிடங்கு வரை. அவள் துருவுவதை நிற்பாட்டவில்லை. தேங்காய் முடிந்து சிரட்டைத் தூள் விழத் தொடங்கிய பிறகுதான் கை நின்றது.

"கலியாணத்துக்கு எத்தினை மாசத்துக்கு முன்னம் காட்டினவா?"

"ரெண்டு."

"கொழும்புக்கும் வந்தவா."

"ஓம்."

"ஷெல் எண்டால் அடிச்சவனைத் திட்டலாம். பதினாறு வருசமாத் திட்டினனான். ஒவ்வொரு மே மாசமும் முள்ளிவாய்க்காலுக்குப் போய் நிண்டு திட்டினனான். இப்ப நான் ஆரைத் திட்ட?"

என்னை என்று சொல்லியிருக்கலாம். "டொக்டரிட்டப் போய்ச் சொல்லு பிள்ளை. உடன சொல்லு" என்றேன்.

"சொல்லுறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ."

3 மார்ச்

லக்சிகா வரவில்லை. பக்கத்து வீட்டு இரஞ்சிதம் வேலிக்கு மேலால், "என்ன ரீச்சர், பெறாமகளின்ர ஸ்கூட்டிக்குப் பாதை மறந்து போச்சோ?" பெற்றோல் விலை என்றேன். எழுபத்தைந்து வயதில் இன்னும் எவ்வளவு இலகுவாகப் பொய் வருகிறது!

12 மார்ச்

டொக்டர் றுமானா தொலைபேசியில். லக்சிகாவின் இரத்தம் கொழும்புக்குப் போய்விட்டதாம். அம்மாவைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் வயது, பக்கம், எத்தனை மாதம் என்று கேட்டுக்கேட்டு எழுதினாள். பண்பான பிள்ளை, குறை சொல்ல ஒரு சொல்லும் அகப்படவில்லை.

"இஞ்ச வாற படங்கள் எல்லாத்திலயும் அந்த 2009ஆம் வருசத்தில ஒரு ஓட்டை இருக்கு ரீச்சர். வருத்தத்தில போனவை ஆர், ஷெல்லில போனவை ஆர் எண்டு எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னது பெரிய உதவி."

உதவியாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

18 மே

லக்சிகா இந்த முறை முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போகவில்லையாம்.

5 ஜூன்

அவளிடமிருந்து ஒரு செய்தி, மூன்றரை மாதத்துக்குப் பிறகு. "இருக்குதாம். டொக்டர் உங்களையும் வந்து இரத்தம் குடுக்கட்டாம்."

சூலகங்களை நாற்பது வயதுக்குள் எடுக்கச் சொல்வார்களாம், மார்புக்கு வருடாவருடம் ஸ்கானாம். அதைக் கிருசாந்தன் சொன்னான், அவள் கணவன். அவள் சொல்லவில்லை. எனக்கு இருந்தால் ஜெகதீஸ்வரிக்கும் பாதிக்குப் பாதி. அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

எனக்கு இந்த வயதுவரை ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை? இதற்கு அந்தப் பிரசுரத்தில் பதில் இல்லை.

8 ஜூன்

கனடாவுக்குத் தொலைபேசி எடுத்து ஜெகதீஸ்வரிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு:

"இரத்தம் குடுக்காதேங்கோ அம்மா. உங்களுக்கு இருக்கு எண்டு வந்தா என்னையும் பாக்கச் சொல்லுவினம். இவருக்கு என்ன சொல்ல? மாமிக்கு என்ன சொல்ல?"

"உன்ர பிள்ளையள், ஜெகா."

"அதுகள் சின்னன். பிறகு பாப்பம். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

எங்கே படித்தாள் என்று கேட்கத் தேவையில்லை. நான் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறேன்.

நாளைக்கே வவுனியா கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து நாள் கேட்பேன். முடிவு வந்ததும் அவளுக்குக் கடிதமாக எழுதுவேன். கடிதத்தை இடையில் வெட்டிவிட முடியாது.

17 ஜூன், செவ்வாய்

வவுனியா. காலையில் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் லக்சிகா நின்றாள். வரச்சொல்லி நான் கேட்கவில்லை. டொக்டர் சொல்லி வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடந்தது. இரண்டு இருக்கை பின்னால் போய் இருந்தாள்.

கிளினிக் முழுக்க ஆட்கள். தாழ்ந்த குரலில் பேசத் தெரியாத ஒரு நேர்ஸ். "அம்மா, உங்கட குடும்பத்தில ஆருக்காவது கான்சர் இருந்ததோ?"

விடுதியில் வாசிப்பு ஒப்புவிக்கும்போது கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்க வேண்டும் என்பார்கள். அந்தக் குரலில் சொன்னேன். "தாய், சூலகம், நாற்பத்துநாலு வயது. தங்கை விமலேஸ்வரி, இடது மார்பு, நாற்பத்தைந்தில் காட்டினாள், நாற்பத்தெட்டில் போனாள். மருந்து செய்யவில்லை. செய்யவிடாதது நான்."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேர்ஸ் கடைசி வசனத்தை எழுதவில்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லை. லக்சிகாவைப் பார்த்து, "இவா உங்களுக்கு என்ன முறை?" என்றாள்.

"அம்மான்ர அக்கா."

"அப்ப பெரியம்மா எண்டு சொல்லுங்கோவன்."

"நீங்கள் எப்பிடியும் எழுதுங்கோ மிஸ்."

நான் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினேன். நரம்பு பிடிபடவில்லை. மூன்று தரம் குத்தினார்கள். மூன்று தரமும் லக்சிகா என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், என் முகத்தை அல்ல.