பிப்ரவரி என்று எழுதிய கித்தார்

பாராச்சோ,
நவம்பர் 14

அன்புள்ள எல்விராவுக்கு,

நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்க எனக்கு வாய் வரவில்லை. இது வடக்கே உங்கள் சிவாவா ஊருக்கு வந்து சேர ஐந்தாறு நாளாவது ஆகும். அதற்குள் உன் அப்பா வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய். அதை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். சித்தப்பா நடுவில் எழுந்து தண்ணீர் குடிப்பார். கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, பள்ளியில் உன் இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. கணக்கு டீச்சருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இப்போது முன்பைவிட அதிகமாக அடிக்கிறார். அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. நாள் முழுக்க கித்தார்களுக்கு மெருகு போடுகிற வேலை, அந்த நெடி நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது. அப்பா போன பிறகு சித்தப்பா எங்களை இந்த வீட்டில் வைத்திருப்பதே பெரிது என்று அம்மா சொல்வாள். சித்தப்பாவும் அதையே சொல்வார், சாப்பிடும்போது.

ஆகஸ்டில் திருவிழா சமயத்தில் உன் அப்பா தன் இசைக்குழுவில் வாசிக்கப் புதுக் கித்தார் வாங்க வந்ததிலிருந்து சொல்கிறேன். நீ கொடுத்தனுப்பிய நீல ரிப்பனை முதலில் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் சித்தப்பாவின் கித்தார் கடைக்குள் நுழைந்தார். பதினொரு கித்தார் பார்த்தார். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுவார். கடைசித் தந்தியை மட்டும் மீட்டிவிட்டு, சத்தம் முழுக்க அடங்கும் வரை பக்கப் பலகையில் காதை வைத்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு கண்ணை மூடி, கழுத்து வளைந்திருக்கிறதா என்று துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பார்ப்பார். சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெண் பார்க்க வந்தால்கூட இவ்வளவு நேரம் ஆகாதே, டோன் அன்செல்மோ, என்றார். உன் அப்பா சிரித்தார். பெண்டாட்டி திட்டினால் எழுந்து வெளியே போய்விடலாம், எவரிஸ்தோ, இது மடியிலேயே உட்கார்ந்திருக்குமே, என்றார். கடையில் எல்லோரும் சிரித்தோம். நானும்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சாதாரணமாக இருந்தது, உண்மையாகவே பிப்ரவரியில் செய்தது. இன்னொன்று சிவப்பு தேவதாரு மேல்பலகை வைத்தது, பார்க்க அவ்வளவு அழகு. அதற்கு மேல்பலகை ஒட்டியது ஜூலையில். பதினாறு நாள் விடாமல் மழை பெய்ததே, அந்த வாரங்களில், திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று. நீயும் நம் ஊரில் இரண்டு வருடம் இருந்தவள். மழை மாதத்தில் ஒட்டியதைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குத்தான் விற்பார்கள், வடக்கே போகிறவருக்கு யாரும் விற்க மாட்டார்கள். ஈரம் குடித்த பலகை உங்கள் வறண்ட காற்றில் காய்ந்து சுருங்கும், பிறகு பிளக்கும். அதனால்தான் ஒட்டிய மாதத்தை உள்ளே சீட்டில் எழுதி ஒட்டுகிறோம்.

எங்கள் கடையில் அந்தச் சீட்டு எழுதுவது நான், எல்விரா. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சித்தப்பா அந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார். திருவிழாவுக்கு முன்னால், மழையில் ஒட்டிய ஒன்பது கித்தாரின் சீட்டில் பிப்ரவரி என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

உன் அப்பா அந்தச் சிவப்பு தேவதாருக் கித்தாரின் சீட்டைப் படித்துவிட்டு சித்தப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினார். “நீ சொல்லு பாப்பா. எல்விரா உன்னப் பத்தியே பேசிட்டிருப்பா. இது மழைக்கு முன்னாடி ஒட்டுனதுதானே?”

ஆமாம், பிப்ரவரி, என்றேன். நாலு வருஷம் காய்ந்த மரம் என்றும் சொன்னேன். அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துச் சொன்னது.

அதற்குப் பிறகு அவர் அதையே வாங்கிக்கொண்டு, மற்ற சாமான்களைச் சந்தோஷமாகப் பொறுக்கினார். தோள்பட்டை வார், இரண்டு செட் தந்தி, ஒரு மடக்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டைத்தான் விரித்தும் மடக்கியும் பத்துத் தடவை பார்த்தார். ஓட்டலில் பாட்டுக்கு நடுவே பழைய கித்தாரை நாற்காலியில் சாய்த்து வைத்து, பரிமாறுகிறவன் கால் பட்டு விழுந்ததாமே. இதற்கு ரப்பர் கால் இருக்கிறது, யார் இடித்தாலும் நகராது, என்று எனக்கே விளக்கினார். வடக்கே போகிற கித்தாருக்கு நாங்கள் ஈரப்பெட்டி ஒன்று கொடுப்போம். சோப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு நனைத்த பஞ்சு வைத்தது, கித்தார் பெட்டிக்குள் கிடக்கும். அதை எடுக்கக் குனிந்தேன். சித்தப்பா என் காலை மிதித்தார். காய்ந்த மரத்துக்கு எதற்கு ஈரம் என்று உன் அப்பா கேட்டுவிடுவார் அல்லவா.

அது பிளந்த கதை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கல்யாண விருந்தில் மூன்றாவது பாட்டின் நடுவே துப்பாக்கி சுட்டதுபோல் சத்தம் கேட்டு ஜனங்கள் மேசைக்கு அடியில் குனிந்தார்களாம். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இருபத்திரண்டாம் தேதி, இசைக்காரர்கள் கொண்டாடும் செசிலியா திருநாளுக்குள் நல்ல கித்தாரோடு வராவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் அவர் போன புதன்கிழமை காலை எங்கள் கடையில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். சண்டை போட வரவில்லை. மாற்றிக் கொடுங்கள், வித்தியாசம் இருந்தால் தருகிறேன், என்றுதான் கேட்டார்.

அன்றைக்கு மொரேலியா நகரத்திலிருந்து ஒரு இசை வாத்தியார் ஆறு மாணவர்களோடு கித்தார் வாங்க வந்திருந்தார். அவர்கள் எதிரில் சித்தப்பா பிளந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். தந்திகளைக் கட்டுகிற பாலக்கட்டையிலிருந்து நடு ஓட்டை வரை வெடித்திருந்தது. அடுப்பு மேல் வைத்து சோளரொட்டி சுட்டீர்களா, டோன் அன்செல்மோ, என்று கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். கித்தார் வாங்கத் தெரிகிறது, வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, வடக்கத்திக்காரர்களுக்கு மாடுதான் சரி, என்றார். ஈரப்பெட்டி எங்கே என்றார். எனக்கு அப்படி எதுவும் கொடுக்கவில்லையே என்று உன் அப்பா சொன்னார்.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, பிடரியில் கையை வைத்தார். பார்க்கிறவர்களுக்கு அது பாசமாகத் தெரியும்.

“சொல்லு ஒதிலியா. பெட்டியக் கொடுத்து, ரெண்டு நாளுக்கு ஒருதரம் பஞ்ச நனைக்கச் சொன்னியா இல்லையா?”

சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தார். இதை உனக்கு முன்பு நான் எழுதவில்லை, அக்டோபரில் இன்னும் ஆறு பிப்ரவரிச் சீட்டு எழுதச் சொன்னபோது மாட்டேன் என்றேன். சித்தப்பா என் வலது கை நகங்களைச் சதை வரைக்கும் வெட்டிவிட்டார். மீட்டுவதற்காக இரண்டு வருடம் வளர்த்தது. வாசித்துக் காட்ட என் மகன் போதும், உனக்கு எழுத விரல் இருந்தால் போதும், என்றார். அம்மா பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆறு சீட்டையும் மறுநாள் எழுதினேன். இரண்டு விரலில் சீழ் வைத்து இன்னும் ஆறவில்லை.

உன் அப்பா அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தப்பாவிடம் சொன்னார். “ஆமா. பாப்பா சொல்லுச்சு. நான்தான் மறந்துட்டேன்.”

சித்தப்பா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். வயசானால் மறதி வரத்தான் செய்யும் என்றார். ஒரு செட் தந்தியை இலவசமாக அவர் பையில் போட்டார். உடைந்த கித்தாருக்குப் புதுத் தந்தியா என்று ஒரு பையன் கேட்டான், வாத்தியாரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு சித்தப்பா அவர்கள் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா, நாங்கள் சொல்கிறபடி வைத்துக்கொள்ளாவிட்டால் இப்படித்தான் ஆகும், என்றார். வாத்தியார் ஆறு கித்தாரும் ஆறு ஈரப்பெட்டியும் வாங்கிக்கொண்டு போனார். ஆறும் நான் சீட்டு எழுதியவை.

உன் அப்பா கித்தாரைப் பெட்டியில் வைத்து மூடினார். வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது, “நகம் வளந்துரும் பாப்பா” என்றார். அவ்வளவுதான். அவர் பேருந்து நிலையம் இருக்கிற தெருவில் திரும்புகிற வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

எல்விரா, உன் அம்மாவின் கோபம் எனக்குத் தெரியும். கொடுத்த பெட்டியைத் தொலைத்துவிட்டார், சொன்னதை மறந்துவிட்டார், குடும்பத்தை நடுத்தெருவில் விட்டார் என்று இந்நேரம் சொல்லியிருப்பார்கள். நீயும் அப்பாவோடு பேசாமல் இருப்பாய். பேசு. அவர் எதையும் மறக்கவில்லை. மறக்க அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு யாரும் இங்கே வர வேண்டாம். கித்தார்காரர்கள் சங்கத்துக்கும் எழுத வேண்டாம். அவர்கள் வந்து என்னைக் கேட்டால், சித்தப்பா பக்கத்தில் நிற்பார், நான் சொன்னேன் என்றுதான் மறுபடியும் சொல்வேன். என்னை எனக்கு இப்போது தெரியும். நானும் அம்மாவும் தம்பியும் இந்த வீட்டில்தான் தூங்க வேண்டும். பதிலும் போடாதே, தபாலை அவர்தான் பிரிக்கிறார்.

உன் அம்மாவுக்கு மட்டும் ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டுவிடு. உன் அப்பாவிடம் நான் எழுதியதாகச் சொல்லாதே. செசிலியா திருநாளன்று தெருவில் எல்லாக் குழுக்களும் வாசித்துக்கொண்டு போவார்கள், அவர் வீட்டில் இருப்பார். அன்றைக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, கதவைச் சாத்திவிட்டு, நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்திரு. கடவுள் அவர் கைகளை நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சிநேகிதி என்று எழுத இன்னும் விடுவாயானால்,
ஒதிலியா