திருப்போரூரில் கொடுத்த முடி: பங்கேற்பாளர் எண் 17-இன் மனு

அனுப்புநர்:
உ. ஜெயக்கொடி (வயது 34),
க/பெ. உதயா,
கானத்தூர் குப்பம்,
கிழக்குக் கடற்கரைச் சாலை,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
மருதமலர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை,
பெருங்களத்தூர்.

பொருள்: முடி உதிர்தல் நோய்க்கான மாத்திரை ஆய்விலிருந்து என்னை நீக்கியதை மறுபரிசீலனை செய்து, மாத்திரையைத் தொடர்ந்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், நாள் 18.11.2024.
2. நீக்கக் கடிதம், நாள் 09.06.2025.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் மேடவாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இந்த மனுவை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானே எழுதுகிறேன். ஆய்வில் குறை இருந்தால் தங்களுக்கு எழுதலாம் என்று ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளவும். இது ஏழு வருடத்துச் சங்கதி.

2. ஏழு வருடங்களுக்கு முன் என் பின்னந்தலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி போயிற்று. புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயம் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். தலையணை உறையைக் கழற்றி உதறியும் பார்த்தேன், ஒரு புழுவும் இல்லை. எட்டு மாதத்தில் தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் போய்விட்டன. புருவம் எதற்கு இருக்கிறது என்பது அது உள்ளவர்களுக்குத் தெரியாது. வெயிலில் உட்கார்ந்து மீன் அரிந்தால் வியர்வை நேராகக் கண்ணில் இறங்கும். கையெல்லாம் மீன் கழுவிய தண்ணீர், துடைக்கவும் முடியாது.

3. மீன் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எந்தக் கோவில்ல மொட்ட போட்டீங்க?" நோய் என்றால் என் கையால் மீன் வாங்க யோசிப்பார்களே என்று திருப்பதி என்று சொல்லிவிட்டேன். அடுக்குமாடி வீட்டு அம்மா ஒருவர் மறுநாளே வந்து லட்டு எங்கே என்று கேட்டார். ஸ்வீட் கடையில் வாங்கிக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, பிரசாதம் மாதிரியே இல்லையே என்றார். பெருமாளை வைத்துப் பொய் சொன்ன பாவம் வேறு. அதன் பிறகு தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் உட்காருவேன்.

4. அம்மா, முடிக்காக ஏன் இவ்வளவு ஏங்குகிறாள் என்று தாங்கள் நினைக்கலாம். பூ வைக்கவும் சடை போடவும் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் ஏங்கியது வேறொன்றுக்கு. சங்கரா, கொடுவா மாதிரி மீன்களுக்குச் செதில் சுரண்டும்போது அது தெறித்துத் தலையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வியாபாரம் ஓய்ந்ததும் எங்கள் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தி உட்கார்ந்து செதில் பொறுக்குவார்கள். அப்போதுதான் ஊர்க்கதை, சண்டை, சிரிப்பு எல்லாம் நடக்கும். ஆறு வருடமாக என் தலையில் பொறுக்க ஒன்றும் இல்லை. யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனாலும் அந்த வரிசையில் எனக்கு இடம் இல்லாமல் போயிற்று. துண்டை உதறிக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

5. மூன்று வருடங்களுக்கு முன் திருப்போரூர் கந்தசாமி கோவிலில் ஒன்று நேர்ந்துகொண்டேன். மூன்று விரற்கடை முடி வளர்ந்தால் அதை உனக்கே தருகிறேன் என்றேன். தலையில் ஒரு முடியும் இல்லாதவள் முடி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேறு எதைக் கொடுப்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

6. தங்கள் மருத்துவமனையில் ஆய்வு நடப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். டாக்டர் ஜோசலின் பொறுமையாக விளக்கினார். இதில் புழுவும் இல்லை, பாவமும் இல்லை, வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பது போல உடம்பே முடி வேரைத் தாக்குகிறது என்றார். அன்றுதான் எனக்கு நிம்மதி வந்தது. என்னைப் பதினேழாம் எண்ணாகச் சேர்த்து, இருபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் குறித்துக்கொண்டார்கள். சென்ற மாதம் எத்தனை முறை வெட்கப்பட்டீர்கள், எத்தனை விசேஷங்களுக்குப் போகவில்லை என்றெல்லாம் கேட்டார்கள். ஏதாவது கோவிலுக்கு நேர்ந்திருக்கிறீர்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

7. எட்டாவது வாரம் பூனைமுடி வந்தது. பிறகு கறுத்தது. புருவமும் வந்தது. இருபதாவது வாரம் துண்டை எடுத்துவிட்டேன். அன்று பக்கத்துக் கூடை செல்வம்மாள் அக்கா, "யக்கா, இங்க பாருங்களேன், ஜெயா தலையில செதிலு மாட்டிக்கினு கீது!" என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். என்னை இழுத்து முன்னால் உட்கார வைத்துப் பொறுக்கினார். ஐந்தாறு செதில்தான் இருந்திருக்கும். மெதுவாகப் பொறுக்குக்கா என்றேன். நான் அழுததைப் பார்த்து அவரும் அழுதார்.

8. மே மாதம் முடி மூன்று விரற்கடை வந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் என் கணவர் கரையில் இருந்தார். அவர் தடுத்தார் என்பதை மறைக்க விரும்பவில்லை. "இன்னும் பத்து வாரம் தானே கீது ஜெயா. ஆஸ்பத்திரி வேல முடியட்டும், அப்பால போலாம். முருகன் எங்க ஓடிடப் போறாரு?" என்றார். நான்தான் கேட்கவில்லை. சொன்ன வாக்கைத் தள்ளிப்போட்டால், கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். ஆய்வு முடியும்வரை முடி வெட்டக் கூடாது என்று படிவத்தில் இருந்ததைப் படித்திருந்தேன். அது பார்லருக்குப் போகிறவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். சாமிக்குக் கொடுப்பதை எங்கள் பக்கம் யாரும் முடி வெட்டுவதாக நினைப்பதில்லை.

9. 18.05.2025 ஞாயிறு அன்று மொட்டை போட்டேன். தலையை நனைத்த பெரியவர், "நல்லா அடர்த்தியா கீதும்மா, இன்னும் கொஞ்சம் வளர வுட்டிருக்கலாமே" என்றார். ஏழு வருடத்தில் என் முடியைப் பாராட்டிய ஒரே அந்நியர் அவர்தான், கையில் கத்தியோடு. சந்தனம் பூசிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எந்தக் கோவில் என்று யாராவது கேட்பார்கள் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். அன்றைக்கு உண்மையைச் சொல்ல முடியும். பாழாய்ப் போன ஜனம், ஒருவரும் கேட்கவில்லை.

10. 02.06.2025 அன்று இருபத்தெட்டாவது வாரச் சோதனைக்குத் திருநீற்றுப் பொட்டலத்தோடு சந்தோஷமாக வந்தேன். டாக்டர் ஜோசலின் என் தலையைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் ஜெயக்கொடி, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். ஆனாலும் திருநீற்றை வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆய்வு அலுவலர் திரு. குமரவேல் மீதி மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டார். முடியின் அளவை வைத்துத்தான் மருந்தின் பலனைக் கணக்கிடுகிறார்கள், அளக்க முடி இல்லாததால் நான் விதிமீறியவள் என்று பின்னர் கடிதம் வந்தது.

11. விதியை மீறியது உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அம்மா, நோய் வழித்த தலையும் சவரக்கத்தி வழித்த தலையும் ஒன்றல்ல. இரண்டும் என் தலையில்தான் நடந்தன, எனக்குத் தெரியும். முன்பு தடவினால் கண்ணாடித் தம்ளர் போல வழுக்கும். இன்று ஒரு நெல் நீளத்துக்கு முடி நிற்கிறது, உள்ளங்கையைக் குத்துகிறது. அளக்க ஒன்றும் இல்லை என்று எழுதியவர் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

12. மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொட்டக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிறுத்திப் பதினெட்டு நாள் ஆகிறது. நேற்றுக் காலை முகம் கழுவும்போது புருவ முடி இரண்டு விரலோடு வந்தது. இரண்டுதான். அவற்றைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன், தூக்கிப் போட மனம் வரவில்லை.

13. ஆகவே, என்னை நேரில் அழைத்துத் தலையைத் தொட்டுப் பார்த்து, மீதி வாரங்களுக்கான மாத்திரையைத் தொடர ஆவன செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கை ஆய்வில் சேர்க்காவிட்டாலும் போகட்டும், மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்து வரும் பெண்களிடம் அந்த இருபத்திரண்டு கேள்விகளோடு, என்ன நேர்ந்திருக்கிறாய் என்பதையும் முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். என் போல் பலர் இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். எனக்கு இடுப்பு வரை சடை வேண்டாம். ஒரு செதில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு முடி இருந்தால் போதும். செல்வம்மாள் அக்கா இன்னும் தனக்கு முன்னால் எனக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறார்.

தங்கள் அழைப்பு எந்த நாளில் வந்தாலும் கடையை விட்டுவிட்டு வருவேன்.

இடம்: கானத்தூர் குப்பம்
நாள்: 20.06.2025

இவண்,
உ. ஜெயக்கொடி
(பங்கேற்பாளர் எண் 17)

இணைப்பு:
1. ஒப்புதல் படிவம் – நகல்.
2. நீக்கக் கடிதம் – நகல்.
3. திருப்போரூர் கோவிலில் மொட்டைக்குக் கொடுத்த சீட்டு – அசல். இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். முருகனுக்குச் சொன்னதைக் கொடுத்துவிட்டேன். இந்த முறை யாருக்கும் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. இனி வளர்வது எனக்கு.