அக்டோபர் வரைக்கும் கை ஓங்கக்கூடாது

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே அனல். காற்று வேறு. மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வை முள்வேலியில் போய் விழுந்து கிழிந்தது. மாடி அறை இரண்டும் காலி. பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆள் வரும்.

செய்ய வேண்டியது: குழாய்க்கு வாஷர். தலையணை உறை. எலேனிக்குப் பதில்.

எலேனி, போன மார்கழியில் மாடியில் தங்கிப்போன கிரேக்கப் பெண். மறுபடி எழுதியிருக்கிறாள். சாண்டோரினி வேண்டாம், அது பணக்காரர்களுக்கு. நாக்ஸோஸ் தீவுக்கு வா. அக்டோபரில் கூட்டம் வடிந்துவிடும், கடலில் சூடு இருக்கும், அத்தை வீட்டில் அடுப்போடு ஒரு அறை, பாதி வாடகை. ஏதென்ஸிலிருந்து பெரிய கப்பலில் ஏறு, அது மெதுவாகப் போகும், அதனால் டிக்கெட் கம்மி.

மெதுவாகவே போகட்டும். எனக்கும் கூட வரப்போகும் சரசுவுக்கும் என்ன அவசரம்? யாருக்கும் சமைக்காமல், யாரையும் திட்டாமல், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

சாயங்காலம் மு. வந்து வாசலில் நின்று கத்தினான். என் கொழுந்தன் முருகேசன். முழுப் பேர் எழுதவும் கை கூசுகிறது. ஒரே காம்பவுண்டில் பின்கட்டு அவனுடையது. அவன் அண்ணன் செத்த நாளிலிருந்து மாடி அறைகள் மேல் கண்.

"எங்கண்ணன் கட்டுன வூட்ட வெள்ளக்காரங்களுக்கு உட்ட. இப்ப நீயே கப்பல்ல கூத்தடிக்கப் போறியா?"

பூரிக்கட்டை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

சரசு போன். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை. சட்டமெல்லாம் பேசுவாள்.

"வசந்தா, போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வர்ற வரைக்கும் எவன் மேலயும் கைய வெக்காதடி. ஒரு கேஸ் உழுந்துதுன்னா பாஸ்போர்ட்டு அம்போ. பொறுத்தார் பூமி ஆள்வார்."

பூமி வேண்டாம், ஒரு தீவு போதும் என்றேன்.

ஆனால் அவள் பயம் நியாயம். என் கைக்குத் தெருவில் பேர் உண்டு. மு. குடித்துவிட்டுப் பெண்டாட்டி தேவகியை அடிக்கும்போதெல்லாம் அவள் என் சமையலறைக்குள் ஓடி வருவாள். நான் வாசலில் பூரிக்கட்டையோடு நிற்பேன். அவன் வருவான், வாங்கிக்கொண்டு போவான். வருஷக்கணக்கில் இதுதான் நடைமுறை.

ஜூலை 5, சனி

அடித்துவிட்டான்.

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வந்தான், கன்னத்தில் ஒன்று, திரும்புவதற்குள் இன்னொன்று. உதடு கிழிந்து சோப்பு நுரையில் ரத்தம். துவைக்கிற கட்டையைத் தூக்கிவிட்டேன்.

"அடி பாக்கலாம். அடிடீ! நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். அப்புறம் எந்தக் கப்பல்ல ஏறுவ?"

அண்ணி என்று கூப்பிட்ட வாய். அவன் வேன் ஓட்டும் கடலை மண்டியில் எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். கட்டையைக் கீழே போட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் கொன்றிருக்க வேண்டும்.

பிறகு உட்கார்ந்து நாக்ஸோஸ் பஸ் விவரம் பார்த்தேன். துறைமுகத்திலிருந்து கடற்கரைக்கு உள்ளூர் பஸ் உண்டாம். குறித்துக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

மாடி அறை வாஷ்பேசினைக் கடப்பாரையால் உடைத்துவிட்டான். பௌர்ணமிக்கு ஒரு அறைதான் இனி.

எடுத்துப்போக: பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய். அரிசி அங்கேயே கிடைக்கும். ஸ்வெட்டர் ச.விடம் கடன்.

அவனுக்குச் செய்ய: கொதிக்கிற எண்ணெய். அல்லது அம்மிக் குழவி. அல்லது அவன் வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தடித்த சுவர்.

எழுதினால் கொஞ்சம் ஆறுகிறது. ரொம்ப இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

பின்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம். அப்புறம் கதவில் தட்டு.

"அக்கா! கதவத் தொறக்கா! யக்கா!"

தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். திறந்தால் அவன் உள்ளே வருவான். வந்தால் அடிப்பேன். என்னைத் தெரியாதா எனக்கு.

திறக்கவில்லை.

அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது காதில் விழுந்தது. அவள் செருப்பு ஒன்று என் வாசலிலேயே கிடந்தது. ஃபேனை வேகமாக வைத்தேன். அப்படியும் கேட்டது.

இன்று என்னைப் போல ஒரு கேடுகெட்டவள் இந்த ஊரில் இல்லை.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

ரோடு முழுக்கச் சனம். தண்ணீர் பாக்கெட்டுக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துச் சண்டை. இருந்த ஓர் அறைக்கு வேலூர்க் குடும்பம்.

தேவகி உறைமோர் கேட்டு வந்தாள். இடது கண் மூடிக் கிடக்கிறது. காதோரம் முடி பிய்ந்து திட்டு.

"ஏன்க்கா தொறக்கல?"

சொன்னேன். பாஸ்போர்ட், கேஸ், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

"போலீசு எப்ப வருவாங்க?"

"தெரியல. வந்து பாத்துட்டுப் போனா முடிஞ்சிது."

கிண்ணத்தை நீட்டினாள்.

"சரிக்கா. அதுவரைக்கும் நான் தாங்கிக்கறேன். நீ போய்ட்டு வா."

உறைமோரை அளவு தெரியாமல் ஊற்றிவிட்டேன்.

ஜூலை 12, சனி

ச. சந்தோஷமாக போன். அங்கே தயிரில் வெள்ளரிக்காய் போட்டு நம் பச்சடி மாதிரியே தருகிறார்களாம். கடலோரக் கோயில் வாசல் ஒன்று தனியாக நிற்கிறதாம், சாயங்காலம் அங்கே போய் உட்காரலாமாம்.

"கம்முனு போன வையிடி" என்று கத்திவிட்டேன். அவள் என்ன செய்வாள் பாவம். பின்கட்டில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தான்.

போலீஸ் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

காலை. இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தேவகியைத் தொட்டியோரம் குனிய வைத்து, தலையைச் சிமெண்டு விளிம்பில் மோதினான். ஒரு தடவை. மறுபடியும். அவள் கத்தவில்லை. எனக்குக் கேட்கக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தாள்.

அதற்கப்புறம் யோசித்ததாக ஞாபகமில்லை. உலக்கை. முதல் அடி முழங்கையில். எலும்பு போன சத்தம் கேட்டது. இரண்டாவது தோளில். விழுந்த பிறகும் அடித்தேன். "அண்ணி, வேணாம் அண்ணி" என்றான். முறை ஞாபகம் வந்துவிட்டது. நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியபோதுதான் நிறுத்தினேன்.

நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்ப நன்றாக இருந்தது.

அதே நாள், மதியம்

ஸ்டேஷன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு நேராக அங்கே வந்து உட்கார்ந்திருந்தான். தேவகி நெற்றியில் தையல். ரைட்டர் பேப்பரை இழுத்து வைத்துக்கொண்டு, யார் அடித்தது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி:

"நான்தான் சார். அவங்க அடிக்கல. அவங்க வெளிநாடு போறவங்க."

"அவ பொய் சொல்றா சார். நான்தான் அடிச்சேன். உலக்கை என் வூட்டுது."

"உலக்கைய எடுத்தது நானு."

"வாய மூடுடி தேவகி!"

மு. எழுந்து அவளை அடிக்கக் கை ஓங்கினான். கட்டுப்போட்ட கை வரவில்லை. ரைட்டர் ஒரு அதட்டு போட்டதும் உட்கார்ந்தான்.

ரைட்டருக்குச் சலித்துவிட்டது. "இன்னாம்மா இது? ரெண்டு பேருமே அடிச்சீங்கன்னு எழுதிக்கட்டுமா?"

நான் தலையாட்டினேன். தேவகி மேஜையருகே போனாள். புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எழுதிக்கோங்க சார். என் பேர்ல ரெண்டு அடி ஜாஸ்தியா போட்டுக்கோங்க."