சாராய நிறத்தில் ஒரு தேத்தண்ணி

இன்று காலை அட்டன் பஸ்ஸில் சாரதி ஒரு பழைய ஆங்கிலக் கன்ட்ரி பாட்டைப் போட்டார். காதலி விட்டுப்போன ஒருவன் மதுக்கடையில் உட்கார்ந்து இன்னொரு கிளாஸ் கேட்கிற பாட்டு. கொட்டகலை வரும்வரை உன் குரலில்தான் அதைக் கேட்டேன்.

நீ லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கர். நான் பத்திரிகைக்காரன். அந்தப் பாட்டுகளுக்கு வரிவரியாக அர்த்தம் சொல்லித் தந்தவன் நான். தோட்டத்து கிளப்பில் நீ பாடும்போது பக்கத்து ஸ்டூலில் ஒரு கிளாஸ் இருக்கும். எல்லோரும் அதைச் சாராயம் என்றே நம்பினார்கள். பாலும் சீனியும் போடாத பிளேன்டீ என்பது எனக்கு மட்டும் தெரியும். சரியாகச் சாராயத்தின் பொன்னிறம் வரும்வரை வெந்நீர் கலப்பாய். அதில் உன் கண் ஒருநாளும் தப்பியதில்லை.

ரஞ்சனியை நான் விரும்பினேன். அவள் உன்னைக் கட்டிக்கொண்டாள். குடித்தவன் நான், நீ வாயைத் திறந்தால் சபை கண்ணைத் துடைத்தது. அவளை நீ கட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவளை இழந்தவனின் பாட்டையும் நீயே பாடியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், கிளப் விருந்தில், நீ கிட்டார் எடுக்கப் போன நேரம் பார்த்துத் தேநீரைக் கொட்டிவிட்டு அசல் சாராயத்தை ஊற்றி வைத்தேன். முன்வரிசையில் ரஞ்சனி. அவள் முன்னால் நீ இருமித் துப்புவதைப் பார்க்கக் காத்திருந்தேன். பாட்டின் நடுவே ஒரு வாய் விழுங்கினாய். கண் கலங்கியது. நிறுத்தவில்லை. அன்றுபோல் நீ என்றுமே பாடியதில்லை.

இறங்கி வந்து என் தோளில் கை போட்டாய். "இந்தக் கருமத்தையா மச்சான் தெனம் குடிக்கிற?" வேறொன்றும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாசியில், உன் கருமாதியன்று, ரஞ்சனி அதே கிளாஸை என் முன்னால் வைத்தாள்.

"பயப்படாம குடிங்கண்ணே. தேத்தண்ணிதான்."

நான் தலை நிமிரவில்லை. அவளே சொன்னாள்: "சோகப் பாட்டு மட்டும் எப்புடி இப்புடிப் பாடுறீங்கன்னு ஒருநா அவருகிட்ட கேட்டேன். ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டே பாடுவேன்னு சொன்னாரு."

பஸ்ஸில் பாட்டு முடிந்தபோது பக்கத்தில் இருந்தவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொறாமை இன்னும் போகவில்லை, மச்சான். நீ பார்த்துப் பாடிய முகம் என்னிடமே இருக்கிறது. குரலை மட்டும் நீ கொண்டுபோய்விட்டாய்.